டொக்டொக் கேட்க வந்தவர்

போன வாரம் என் புதுக் காரில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கவலைப்பட வேண்டியவன், பாருங்கள், சிரித்துவிட்டேன். சர்வீஸ் சென்டரில் ஒயரைச் சொருகித் திரையைப் பார்த்தவர், "ஒண்ணும் இல்ல சார்" என்றார். சீட்டுக்கு அடியில் மகளுடைய தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

எங்கள் பழைய காருக்கு இந்த ஒயரெல்லாம் போதாது. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிக் களைத்த வண்டி அது. ஓடும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு டொக்டொக். உள்ளே எப்போதும் பெட்ரோல் வாசனை. அரவைப் பருவத்தில் கண்ணாடியை இறக்கினால் சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து ஒரு புளித்த நாற்றமும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் அந்த நாற்றம் வந்தால் எனக்கு மாமனார் ஞாபகம்தான். தப்பாக நினைக்காதீர்கள், அவர் கரும்பு விவசாயி.

செல்வி வீட்டை எதிர்த்து என்னைக் கட்டிக்கொண்டவள். அப்பாவும் மகளும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. திருவண்ணாமலைக்குப் போகும்போது மணலூர்பேட்டையில் அவர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே வந்ததும் மெதுவாகப் போகச் சொல்வாள். மெதுவாகப் போனால் டொக்டொக் இன்னும் பலமாகக் கேட்கும். எனக்கு மானம் போகும்.

ஒருநாள் அவரே நடுரோட்டில் கை காட்டி நிறுத்தினார். ஆயுசு முழுக்க ஆயில் இன்ஜினோடு மாரடித்தவர், ஒரு வண்டி முனகுவதை அவரால் தாங்க முடியாது. எங்களைப் பார்க்கவில்லை. பானெட்டைப் பார்த்துப் பேசினார்.

"இன்னா சத்தம் இது? இத்தப் போயி ஓட்டிக்கினு திரியறாங்க."

"தெரியலைங்க" என்றேன். நானும் பானெட்டைத் திறக்காதவன் இல்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனவன் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூடிவிடுவேன்.

"மேட்டுல ஏத்தினாத்தான் தெரியும்" என்று வானத்திடம் சொன்னார். செல்வி இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வந்த வழியே திரும்பி, கள்ளக்குறிச்சி தாண்டி, கல்வராயன் மலையேறினோம். வழியெல்லாம் வைத்தியம்தான். பேரிங் என்றார், கிளட்ச் என்றார், "மொத்தமும் போச்சு" என்றார். கரியாலூர் நெருங்கும்போது ஒரு வளைவில் சத்தம் சட்டென்று நின்றது. மனுஷன் பதறிப்போய்ப் பின்னால் திரும்பினார்.

"ஏம்மா, உனுக்குக் கேக்குதா?"

செல்வி அழுதுகொண்டிருந்தாள். "கேக்குதுப்பா" என்றாள். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. நான் கியர் மாற்ற மறந்ததில் இன்ஜினும் நின்றுபோனது.

இறக்கத்தில் டொக்டொக் திரும்பி வந்தது. மறுநாள் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சைலன்சரைத் தாங்கும் பட்டையில் ஒரு போல்ட் லூஸ், அஞ்சு நிமிஷ வேலை என்றார். செல்வி அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்காத குறை. "அப்படியே இருக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் மாமனார் சத்தம் கேட்க வந்தார். கேட்டுவிட்டு, மகள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

கடைசியில் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்த அன்று, குனிந்து அடியில் கையை விட்டார். நேராக அந்த போல்ட்டைத் தொட்டு ஆட்டினார்.

"மொத நாளே தெரியும் மாப்ள. டைட் பண்ணிட்டா, அப்பறம் இன்னான்னு சொல்லிக்கினு வர்றது?"

இப்போது வருவதற்கு அவருக்குச் சாக்கு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் புதுக் காரில் ஏறினால் பேசுவதற்கும் எதுவும் கிடைப்பதில்லை, ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார். இந்த ஞாயிறு வருகிறார். அந்தத் தண்ணீர் பாட்டிலை மறுபடி சீட்டுக்கு அடியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.