எல்லா மட்டையும் பாகுஸ்

“நீ எவ்ளோ வேணா படிச்சிருக்கலாம். ஆனா உங்கம்மாவுக்கு மட்டை வாங்கிக் குடுக்கிறது மட்டும் உன்னால ஆகாது லா.”

சின்னம்மா இதைச் சொன்னபோது பாரோயில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, அம்மாவின் வலது முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவளும் நான்தான், பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். அப்பா இறந்து, தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த நாளிலிருந்து, இந்த வீட்டின் கூரை ஓடு முதல் அம்மாவின் கண் ஆபரேஷன் வரை எல்லாவற்றையும் விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுத்தவள் நான். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஒரு பொருள் சரியா தவறா என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோல்ஃப் மட்டை என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அம்மா கோல்ஃப் ஆடுகிறார் என்று அலுவலகத்தில் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. பணக்காரர் வீட்டுப் பெண் என்று என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பார்கள். உண்மை வேறு. தம்பின் ஊருக்குப் போகும் பாதையில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, அந்தக் காலத்துத் துரைமார்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட சின்னத் திடல் ஒன்று இருக்கிறது. ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, பால் எடுக்க மரம் சீவிக்கொண்டிருந்த பெண்கள் பலர் உரம் போடப் போனார்கள். அம்மாவும் சின்னம்மாவும் திடலில் கேடி வேலைக்குப் போனார்கள். ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது, பந்து போன இடத்தைப் பார்த்து வைப்பது, இந்தத் தூரத்துக்கு இந்த மட்டை என்று எடுத்துக் கொடுப்பது, அடித்த பிறகு வாங்கித் துடைத்து வைப்பது. அதுதான் வேலை.

திங்கட்கிழமை புல் வெட்டுவதற்காகத் திடலை மூடிவிடுவார்கள். அன்று மதியம் வரை கேடிகள் ஆடிக்கொள்ளலாம். எழுதி வைத்த சட்டம் இல்லை, வழக்கம். அம்மா ஆட்டம் கற்றுக்கொண்டது அந்தத் திங்கட்கிழமைகளில்தான். வேலையை விட்ட பிறகும் அந்த வழக்கத்தை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. அறுபதைத் தாண்டிய இந்த வயதிலும் பந்தை நேராக, தாழ்வாக, காற்றுக்கு அடியில் நுழைத்து அடிப்பார். நகரத்து ஆண்கள் பலருக்கு அது வராது. இதை மகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

மற்ற நாட்களில் அம்மா மெதுவாகப் பேசுகிறவர். கடையில் மீதிச் சில்லறை தவறிப்போனால்கூடக் கேட்காமல் வந்துவிடுவார். திங்கட்கிழமை மட்டும் சத்தமாகச் சிரிப்பார். மணலில் விழுந்த பந்தைப் பார்த்து, “எங்க போய் ஒக்காந்திருக்கா பாரு, சீமாட்டி” என்று திட்டுவார். சின்னம்மாவோடு பந்தயம் கட்டித் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். திங்கட்கிழமை இல்லாவிட்டால் அம்மாவின் அந்தப் பாதி எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் டாக்டர் சொன்னது என்னை அவ்வளவு உலுக்கியது. முழங்கைத் தசைநார் நைந்துவிட்டது, பந்து படும்போது வரும் அதிர்வெல்லாம் நேராக அங்கே போய்ச் சேருகிறது என்றார். அம்மாவிடம் இருந்த இரும்பு மட்டைகள் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனவை. கத்தி மாதிரி மெல்லிய முகம், கனமான எஃகுத் தண்டு. “அதிர்வு குறைந்த மட்டை பாருங்கள், இல்லையென்றால் ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்” என்றார் டாக்டர். அம்மா தலையாட்டிவிட்டு, அடுத்த திங்களும் அதே மட்டைகளோடு கிளம்பினார்.

ஒரு சனிக்கிழமை அவரைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனேன். உள்ளேயே வலை கட்டி, திரை வைத்திருந்தார்கள். ஒரு அடி அடித்தால் பந்து எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், எங்கே விழும் என்று திரையில் எண்கள் வரும். எனக்கு அந்த இடம் உடனே பிடித்துவிட்டது. எண்கள் எனக்குப் பழக்கமானவை.

கடைக்காரர் சீனர், பொறுமைசாலி. ஏழாம் நம்பர் இரும்பு மட்டை ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா நன்றாக அடித்தார். பிறகு தோளில் கிடந்த சிறு துண்டால் மட்டையின் முகத்தைத் துடைத்து, பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினார். கடைக்காரர் ஒரு கணம் திகைத்து, வாங்கிக்கொண்டார்.

“எப்படி, ஆண்ட்டி?” என்று மலாய் மொழியில் கேட்டார்.

“பாகுஸ்” என்றார் அம்மா. நல்லது.

இன்னொன்று கொடுத்தார். அடி, துடைப்பு, பிடியைத் திருப்பி நீட்டல். “பாகுஸ்.” மூன்றாவது, அகலமான அடிப்பாகமும் கார்பன் தண்டும் உள்ளது. “பாகுஸ் லா.” நான்காவதும் பாகுஸ்.

“எது ரொம்ப பாகுஸ், ஆண்ட்டி?”

“எல்லாம் பாகுஸ்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். எண்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கமாக இருந்தன. அதைவிட மோசம், ஒவ்வொரு அடிக்கும் அம்மாவின் கை சோர்ந்துகொண்டே போனதால், கடைசியாக எந்த மட்டையைக் கொடுத்தாலும் அதுதான் மோசமாகத் தெரியும். வரிசையை மாற்றி மறுபடி அடிக்கச் சொன்னால் இன்னும் சோர்வார். தொழிற்சாலையில் இப்படி ஒரு சோதனையை யாராவது என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே யாரை எங்கே அனுப்புவது?

“வலிக்குதாம்மா?”

“இல்ல பாப்பா.”

தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்தார். அதை மட்டும் கவனித்தேன்.

“ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையா? சும்மா சொல்லுமா. அவர் கோச்சுக்க மாட்டார்.”

“ரெண்டும் நல்ல மட்டைதான். பாவம், மட்டை என்ன பண்ணுச்சு?”

எதையும் வாங்காமல் கிளம்பினோம். கடைக்காரர் இரக்கப்பட்டு, அந்தக் கார்பன் தண்டு ஏழாம் நம்பரைச் சில நாள் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

வழியில் சின்னம்மாவுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கார் அதிர்ந்தது.

“அடியே, அவ எப்படி வாயத் தொறப்பா? கேடி மட்டையக் கொற சொல்லக் கூடாது. ஆட்டக்காரர் காட்டுக்குள்ள அடிச்சாலும் காத்து சார், பேட் லக் சார்னுதான் சொல்லணும். எங்ககூட ஒருத்தி இருந்தா. ஒரு டத்தோ, பெரிய பட்டம் வாங்குனவர், அவரோட புது மட்டையப் பாத்து, இது உங்களுக்குக் கனம் சார்னுட்டா. நெசத்தத்தான் சொன்னா. அதுக்கப்புறம் அவளுக்கு யாரும் பை குடுக்கல. உரம் போடப் போயிட்டா.”

“அது வேலை செய்யும்போது, சின்னம்மா. இது அம்மாவுக்கே வாங்குற மட்டை.”

“வாய்க்கு அந்த வித்தியாசம் தெரியணும்ல?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் தூங்குறேன்” என்றார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் திடலுக்குப் போனேன். முதல் சில குழிகளில் அம்மா பழைய ஏழையும் கடைக்காரரின் ஏழையும் மாறி மாறி அடித்தார். நான்தான் கெஞ்சினேன். மழையில்லாமல் தரை கெட்டியாகக் கிடந்தது. பழைய மட்டை தரையில் படும்போதெல்லாம் டங்கென்று ஒரு சத்தம் வரும். அம்மாவின் உதடு ஒரு நொடி உள்ளே போகும். பந்து என்னவோ கொடிக்கம்பத்தின் பக்கத்தில் போய்த்தான் விழுந்தது. புதியதை அடித்தபோது சத்தம் மெத்தென்று இருந்தது. பந்து சற்றுக் குறைவாகப் போனது.

“எது சுகமா இருக்கும்மா?”

“ரெண்டும்தான்.”

சின்னம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “எஞ்சினியர் அம்மா, வேற கேள்வி இருக்கா?”

திடலின் பாதியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே உட்கார்ந்து மாவு வடையும் கோப்பியும் சாப்பிட்டோம். அம்மா வடையைப் பிய்க்க முடியாமல் அப்படியே கடித்தார். எத்தனை விஷயத்தில் இவருக்காக நான் பேசியிருக்கிறேன்! வங்கியில், ஆஸ்பத்திரியில், நகராண்மைக் கழகத்தில். இந்தக் கைக்குள் இருப்பதை மட்டும் அவர் சொல்லாமல் நான் எப்படிப் பேசுவது?

“சரி, உன்னை விடு” என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான். “வேற ஒரு பொம்பள. உன் வயசு. முழங்கை போச்சு. நீ அவங்களுக்குப் பை தூக்குற. பையில எந்த மட்டைய வெப்ப?”

சின்னம்மா ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தார். அம்மா கை காட்டி நிறுத்தினார்.

“பந்த ஒசரமா அடிப்பாங்களா, தாழ்வாவா?”

“தாழ்வா.”

“நடந்து ஆடுறாங்களா, வண்டியிலயா?”

“நடந்துதான்.”

அம்மா கோப்பியைக் கீழே வைத்தார். குரல் மாறிவிட்டது. வேலைக்காரக் குரல். சிறு வயதில் பள்ளி விடுமுறையில் திடலோரம் நின்று அதைக் கேட்டிருக்கிறேன்.

“மூணு, நாலு, அஞ்சு எல்லாம் எடுத்துரு. நம்பர் கொறையக் கொறைய நீளம், அதத் தூக்கி அடிச்சாத்தான் கை போவுது. ஆறும் வேணாம். ஏழுலேர்ந்து போதும். எஃகுத் தண்டு வேணாம். அந்தக் கடையில மூணாவதா குடுத்தானே, அகலமா, அதான் அவங்களுக்குச் சரி. தூரம் கொறையும். கொறைஞ்சா என்ன, ஒரு அடி கூடுதலா அடிக்கட்டும். மொத ரெண்டு மட்டையும் வேணாம், பந்து பட்டா வலி பல்லு வரைக்கும் ஏறும். நாலாவது சும்மா பளபளப்பு.”

எனக்கு ஃபோனை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

“அப்ப அதை வாங்கலாம்ல?”

“வாங்கலாம்” என்றார் அம்மா. திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல் வெட்டும் வண்டி மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிப் போனது. “ஆனா அந்தம்மா எவ்ளோ நாளைக்கு அடிப்பாங்க? கையில அரிசிச் சட்டி தூக்க முடியல. தலை சீவ முடியல. நல்ல மட்டை கெடச்சா வலி கொறையும், கொறைஞ்சா நெறைய அடிப்பாங்க, திரும்ப வரும். நான் பை தூக்கினா, வூட்டுக்குப் போங்க மேடம், போதும்னு சொல்லத் தோணும்.”

“சொல்லுவியா?”

“சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுல்ல?”

சின்னம்மா எழுந்து போய், காலியான கோப்பிக் குவளைகளைத் தண்ணீர்க் குழாயில் நீண்ட நேரம் கழுவினார்.

நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்காததும் கூடவே வந்துவிட்டது. அம்மா சொன்ன இரண்டில் எதற்கு நான் கீழ்ப்படிய வேண்டும்? புது மட்டை வாங்கிக் கொடுத்து அந்தக் கையை நானே முடித்துவைக்கப் போகிறேனா? வாங்காமல் விட்டால் அவர் பழைய மட்டையோடு போவார், அது இன்னும் சீக்கிரம் முடிக்கும். பையை ஒளித்து வைத்தால் ஒன்றும் சொல்லாமல் வீட்டில் இருந்துவிடுவார். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“வலிக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“வலிக்குது” என்றார். முதல் முறையாக. பிறகு எழுந்து, “வா, வெயில் ஏறுது” என்று பையைத் தோளில் மாட்டப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் விட்டுக்கொடுத்தார். மீதிக் குழிகளில் கடைக்காரரின் ஏழாம் நம்பரை மட்டும்தான் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் கொடுத்தேன், அவர் அடித்தார், நான் வாங்கித் துடைத்தேன். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை அம்மா குளிக்கப் போயிருந்தபோது கடைக்காரரை அழைத்தேன். மூன்றாவது மட்டைதான், ஆனால் முழு செட் வேண்டாம், ஏழிலிருந்து போதும் என்றேன். தனித்தனியாக வரவழைக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். பிறகு, “ஆண்ட்டி சரின்னு சொல்லிட்டாங்களா?” என்று கேட்டார்.

“ஆர்டர் போட்டுடுங்க” என்றேன்.