மலைக்கு இந்தப் பக்கத்துக் காற்று

வார நாட்களில் திருச்செல்வத்துக்கு மூவார் நகரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் ரம்ப இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிறானால் லேடாங் மலையடிவாரத்துக்குப் போய்விடுவார். அங்கே பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் விமானம் இறங்கிய பழைய ஓடுபாதையில் ஒரு கிளைடர் மன்றம் இருந்தது. எஞ்சின் இல்லாத அந்த விமானத்தைக் கம்பி கட்டி இழுத்து வானத்தில் ஏற்றிவிடும் விஞ்ச், பதினோரு வருடமாக அவர் கையில். மனைவி ரூபினியின் தம்பி செல்வாவை அங்கே கூட்டிப்போய்ப் பறக்கப் பழக்கியதும் அவர்தான்.

அந்த ஜனவரி ஞாயிறு உயரத்தில் வடகிழக்குக் காற்று பலமாக வீசியது. மலையுச்சியில் மேகம் தொப்பி கவிழ்த்ததுபோல அசையாமல் நின்றது. பார்த்ததும் திருச்செல்வத்துக்குப் புரிந்துவிட்டது. மலையைத் தாண்டும் காற்று, அணையில் வழிந்து விழும் தண்ணீர்போல இந்தப் பக்கம் சுருண்டு புரளும். அதில் சிக்கிய கிளைடரைப் பிடித்து நிறுத்த யாராலும் ஆகாது.

மன்றத் தலைவர் ராஜசேகரனிடம் போனார். “பாஸ், இன்னிக்கு வேணாம்.”

“கீழ காத்தே இல்லயே! விளம்பரப் படம் எடுக்க ஆளுங்க வந்து நிக்கிறாங்க. பயமா இருந்தா நீ தள்ளிக்கோ லா, வேற ஆள் இழுப்பான்.”

வேறு ஆள், போன மாதம் சேர்ந்தவன். வெடுக்கென்று இழுத்துத் தரையிலேயே கவிழ்த்துவிடுவான்.

செல்வா ஏற்கெனவே இருக்கையில் ஏறியிருந்தான். “மாமா, ஒரே ஒரு சுத்து. மலைப்பக்கம் போகவே மாட்டேன்.”

திருச்செல்வம் விஞ்சை இயக்கினார்.

முந்நூறு மீட்டர் உயரத்தில் வழக்கம்போலக் கம்பி கழன்றது. செல்வா சொன்னபடி மலைப்பக்கம் போகவில்லை. காற்றுதான் அவனைத் தேடி வந்தது. ஓர் இறக்கை விருட்டென்று தூக்கியது, மூக்கு கவிழ்ந்தது. நிமிர்த்தினான். மறுபடி அமுக்கியது. ஓடுபாதைக்கு அப்பால் செம்பனைகளுக்கு நடுவே கிளைடர் விழுந்தது. திருச்செல்வம் ஓடிச் சேர்ந்தபோது செல்வாவுக்கு உயிரில்லை.

விசாரணையில், “யாருமே எதிர்பார்க்காத காற்று” என்றார் ராஜசேகரன்.

திருச்செல்வத்தைக் கேட்டார்கள். தனக்குத் தெரிந்த மலாயில் அவர் உள்ளதைச் சொன்னார்: எதிர்பார்த்தேன்; வேண்டாமென்று சொன்னேன்; பிறகு நான்தான் இழுத்தேன்.

ஆபத்தை அறிந்தே விஞ்சை இயக்கியவர் என்று அறிக்கை அவரைக் குறித்தது. தலைவர் பெயர் அதில் எங்குமே இல்லை. உண்மை பேசியதற்குக் கிடைத்த கூலி.

ரூபினி அறிக்கையை இரண்டு முறை படித்தாள். “தெரிஞ்சும் ஏங்க இழுத்தீங்க?”

“நான் இல்லன்னா வேற ஒருத்தன் இழுத்திருப்பான்.”

“இழுத்திருக்கட்டும். அவனத் திட்டிக்கிட்டாவது இருந்திருப்பேன்.”

செடெனாக்கிலுள்ள அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. இவர் அழைத்தால் போனை எடுக்கிறாள். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். ஆச்சு என்கிறார். அதோடு வைத்துவிடுகிறாள்.