பாத்திமா அக்காவின் சம்பால்

பிள்ளைகளா, நம் கடையில் மீனுக்குப் பூசும் மிளகாய்ச் சம்பாலை அப்பா தனியாகக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததாகப் பள்ளியில் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னீர்களே, அது பொய். பேஸ்புக்கில் அப்படி எழுதியது உங்கள் அப்பா நான்தான்.

பேக்டரி வேலை போனபோது, புக்கிட் காத்திலில் நம் பக்கத்து வீட்டு பாத்திமா அக்காதான் தன் அடுப்படியில் வைத்து அதைக் கிண்டக் கற்றுக்கொடுத்தார். பிறகுதான் உம்பாய் கடற்கரையில் மீன் சுடும் கடை போட்டேன். சிறு வியாபாரிகளுக்கான வகுப்பில், "உங்க பேஜுக்கு ஒரு கதை வேணும், அப்பதான் ஆள் வரும்" என்றார்கள். பத்துச் சட்டி கருகியும் விடாமல் நானே கண்டுபிடித்தேன் என்று எழுதினேன். அக்கா பெயர் வந்தால் கதை எடுபடாது என்று தோன்றியது. விட்டுவிட்டேன். கூட்டமும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் மகளோடு கடைக்கு வந்தார்.

"தம்பி, மக வாசிச்சுக் காட்டினா. நல்லா எழுதியிருக்கே லா! சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பச் சொல்லிட்டேன். ஆனா பத்துச் சட்டியா? என் வீட்ல ஒண்ணுதானே கருக விட்டே? அதையும் நான்தானே தேய்ச்சேன்!"

அக்கா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"அக்கா, அது வந்து..."

"இருக்கட்டும் லா, வியாபாரம் ஓடணும்ல. மீனைத் திருப்பு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று முழுக்க என்னால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, கடை திறக்குமுன் வேனில் உட்கார்ந்து அந்தப் பதிவைத் திருத்தினேன். பிறகு என்னைப் பாராட்டிய ஒவ்வொருவருக்கும் கீழே, "இது பாத்திமா அக்கா கற்றுக்கொடுத்தது. நான் பொய் எழுதிவிட்டேன்" என்று பதில் போட்டேன். கடைசியாக, அங்கே பாராட்டி எழுதியிருந்த உங்கள் டீச்சருக்கும்.