போனவங்க ஏன் திரும்பப் போகலை?

வானத்தை மடித்து மூட்டை கட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவதுதான் என் பிழைப்பு. வேனில் ‘நடமாடும் கோளரங்கம்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்தில் வந்து பார்த்தால் ஒரு கறுப்புத் துணிக் கூடாரம், காற்றடிக்க ஒரு ராட்சச ஃபேன், ஒரு ப்ரொஜெக்டர், அவ்வளவுதான். ஃபேனைப் போட்டால் கூடாரம் கவிழ்த்த சட்டி மாதிரி எழும்பி நிற்கும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து உள்ளே வரவேண்டும். நடுவில் உட்கார்ந்து நான் பேசுவேன். வாசலில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு முருகேசண்ணன் இருப்பார். வண்டி ஓட்டுவதும் அவர்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் கால் வைக்காத பள்ளிக்கூடம் குறைவு.

‘நிலாவுக்கு யாரும் போகவே இல்லையாம், எல்லாம் செட்டு போட்டு எடுத்த படமாம்’ என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் மாமா போட்ட வீடியோவுக்குப் பதில் எழுதி, மாமாவோடு பேச்சுவார்த்தையே நின்றுபோன அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். நீங்கள் மல்லுக்கட்டியது ஒரே ஒரு மாமாவோடு. எனக்குத் தினம் மூன்று ஷோ. மூன்றிலும் மாமாக்கள்.

கொடி ஆடிய கதை

விராலிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஷோ முடிந்து பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் மட்டும் போனை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நிலாவில் காற்றே இல்லை என்கிறீர்கள், அப்புறம் கொடி எப்படி ஆடுகிறது என்று கேட்டார். இந்தக் கேள்வி வாரத்துக்கு எட்டு தடவை என்னிடம் வருகிறது. அந்தக் கொடியின் மேல் ஓரத்தில் குறுக்கே ஒரு கம்பி கோத்திருக்கிறது. அதனால்தான் விரிந்து நிற்கிறது. கம்பத்தை ஊன்றும்போது ஆளுடைய கை பட்டு ஆடுகிறது. பிடித்து நிறுத்தக் காற்றும் இல்லாததால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். இப்படி விளக்கினேன்.

சொன்னால் போதாது, காட்டிவிடுவோம் என்று எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ஒரு குச்சியில் முருகேசண்ணனின் துண்டைக் கட்டி, மேலே குறுக்கே ஒரு ஸ்கேலைச் செருகி, “இப்பப் பாருங்க, கையை எடுத்துட்டேன்” என்று பெருமையாகத் தரையில் ஊன்றினேன். துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. ஸ்கேல் எகிறி ஒரு பையன் தலையில் விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளையாட்டு ஆசிரியர்தான் என் தோளைத் தொட்டு, பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னார்.

“காத்தே இல்லாத எடத்துல கொடி ஆடும்னு, இம்மாம்பெரிய ஃபேன் முன்னால நின்னுக்கிட்டுச் சொல்றீங்களே சார்.”

சத்துணவு அக்காவின் பாராட்டு

இன்னொரு பள்ளிக்கூடம். மதியச் சோறு போட்டு முடித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சத்துணவு சமைக்கிற அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே தவழ்ந்து வந்தார். கடைசி வரிசையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். அந்த ஷோவில் நான் உயிரைக் கொடுத்துப் பேசினேன். ராக்கெட் கிளம்பும்போது தரை அதிர்கிற மாதிரி சத்தம், பூமி சின்னதாகிக்கொண்டே போகிறது, நிலா பெரிதாகிக்கொண்டே வருகிறது, கடைசியில் புழுதியில் பதிந்த அந்த ஒற்றைக் கால்தடம். இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்காதான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார். இந்த வேலையில் இப்படிச் சொல்ல எப்போதாவது ஒருத்தர்தான் கிடைப்பார். நான் குளிர்ந்துபோய், “அப்ப மனுசன் நிலாவுக்குப் போனதை நம்புறீங்களாக்கா?” என்று வாயைக் கொடுத்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொஞ்சமும் குத்தலில்லாமல், மனசாரச் சொன்னார்.

“நீங்க ரெண்டே பேரு, ஒரு கூடாரம், ஒரு ஃபேனை வச்சே எங்களை நிலாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே தம்பி, அவ்வளவு பெரிய நாட்டுக்காரங்க செட்டு போட்டு எடுக்க மாட்டாங்களா?”

ஒருத்தனைக் காக்க வைத்தவர்கள்

கோட்டைப்பட்டினத்தில் ஒரு மாணவியின் வாப்பா ஷோ பார்க்க வந்திருந்தார். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். எல்லாரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். சரி, கொடி ஏன் ஆடுகிறது, நிழல் ஏன் கோணலாக விழுகிறது, படத்தில் நட்சத்திரம் ஏன் தெரியவில்லை என்று கேட்பார், நான் மூன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் கேட்டது வேறு. போவது பெரிதில்லை, கரை தெரியாத இடத்திலிருந்து எப்படித் திரும்பினார்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். நான்கு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பெரிய கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டே இருக்க, இரண்டு பேர் மட்டும் சின்னக் கலத்தில் கீழே இறங்கினார்கள், மூன்றாவது ஆள் மேலேயே தனியாகச் சுற்றிக்கொண்டு இவர்கள் வருகிற வரைக்கும் காத்திருந்தார் என்று சொன்னேன். அந்த மூன்றாவது ஆள் இறங்கவே இல்லையா என்றார். இல்லை என்றேன். அவ்வளவு தூரம் போயும் இறங்கவே இல்லையா என்று மறுபடியும் கேட்டார். கடைசியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“அப்ப நெசமாத்தான் இருக்கும். பொய் சொல்றவன் மூணு பேரையும் எறக்கியிருப்பான் சார், ஒருத்தனை மேல காக்க வச்சிருக்க மாட்டான்.”

வேனுக்குள்ளேயே ஒரு மாமா

திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு ஆளாவது நம்பினாரே! அந்தக் குஷியில், “என்னண்ணே, நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்று முருகேசண்ணனைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், “போயிருக்க மாட்டாங்க சார்” என்றார். நாலு வருசமாக, தினம் மூன்று வேளை, ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கிற மனிதர்! போயிருந்தால் திரும்பப் போயிருப்பார்கள், ஐம்பது வருசத்துக்கு மேலே ஏன் ஒருத்தரும் இறங்கவில்லை என்றார். ஆறு தடவை இறங்கினார்கள், பன்னிரண்டு பேர் நடந்தார்கள் என்று ஷோவில் சொல்வது காதில் விழவில்லையா என்று கத்திவிட்டேன். அறந்தாங்கி வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடையில் நிறுத்தியதும் அவரே ஆரம்பித்தார். அடுத்த வாரம் திருக்கோகர்ணத்தில் இருக்கிற ஷோவுக்கு மட்டும் வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ள முடியுமா என்றார். அவர் வீடும் அங்கேதான். எட்டாவது படிக்கிற அவர் மகள் பவித்ராவும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். மகள் முன்னால் வேலை பார்க்க வெட்கமா என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வந்தது. பவித்ரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவர் சவூதிக்குப் போயிருக்கிறார். டிரைவர் வேலை என்று சொல்லி ஏஜெண்ட் அனுப்ப, அங்கே கொண்டுபோய்க் கட்டட வேலையில் தள்ளியிருக்கிறார்கள். பதினாலு மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெளிநாடு போய்விட்டு வந்தால் தெருவில் வீட்டுக்கு ஒரு தைலமாவது கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்குக் கம்பளி, பிள்ளைகளுக்கு மிட்டாய். இவர் ஒன்றும் கொடுக்கவில்லை. திரும்பவும் போகவில்லை. அப்படியென்றால் போகவே இல்லை என்று தெரு முடிவு பண்ணிவிட்டது. திருப்பூரில் ஒளிந்திருந்தான் என்று ஒருத்தர் கிளப்பிவிட்டிருக்கிறார். போட்டோவைக் காட்டினால், படத்தை இப்பல்லாம் எப்படி வேண்டுமானாலும் பண்ணலாமே என்றார்களாம். பாஸ்போர்ட் முத்திரையைக் காட்டவேண்டியதுதானே என்றேன். நெற்றியில் ஒட்டிக்கொண்டா திரிய முடியும் என்று கேட்டார். அந்தப் பேச்சு இப்போது பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. சவூதி என்று அப்பா வாயெடுத்தால், “விடுப்பா” என்று பவித்ரா எழுந்து போய்விடுகிறாளாம். நான் வேனில் கத்தியதை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது.

“என்னை எந்தப் படியில அளந்தாங்களோ அந்தப் படியிலதான சார் நானும் நிலாவை அளக்க முடியும்.”

எட்டாம் வகுப்பு, பி பிரிவு

வேறு டிரைவர் கிடைக்கவில்லை. முருகேசண்ணன்தான் வந்தார். எட்டாம் வகுப்பு தவழ்ந்து உள்ளே வந்தபோது முகத்தை ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டார். பவித்ராவும் தலையைக் குனிந்தபடி அவரைத் தாண்டி வந்துவிட்டாள். ஷோ ஒழுங்காகத்தான் போனது. கால்தடம் வந்தது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். இருட்டில் ஒரு பையன், போனவங்க ஏன் சார் திரும்பப் போகலை என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு பையன், பவித்ரா அப்பாகிட்ட கேளுடா, அவரும் அப்படித்தான் போயிட்டு வந்தாராம் என்றான். கூடாரம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேசினது யாரென்று பார்க்க இருட்டில் டார்ச்சைத் தடவினேன்.

வாசல் துணி விலகியது. முருகேசண்ணன் தவழ்ந்து உள்ளே வந்தார். நாலு வருசத்தில் ஷோ நடக்கும்போது அவர் உள்ளே வந்ததே இல்லை. “நான் சொல்லட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் ஆரம்பித்தார். போவது நம் கையில் இல்லை, அனுப்புகிறவன் கையில் இருக்கிறது என்றார். அப்போது இரண்டு பெரிய நாடுகளுக்குள் நிலாவுக்கு யார் முந்துவது என்று போட்டி, முந்தியாச்சு, அப்புறம் அனுப்புகிறவனுக்கு ஆசை விட்டுப்போச்சு, அதற்குப் போனவன் என்ன செய்வான் என்றார். அத்தனையும் என் பேச்சுதான், மனிதர் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் சொன்னது என்னுடையது இல்லை. சவூதியில் பதினாலாவது மாடியில் தளம் போட்ட அன்றைக்கு ஈரம் காய்வதற்குள் தெரியாமல் கால் வைத்துவிட்டாராம். மேஸ்திரி திட்டினானாம். பூசி மறைப்பதற்குள் கம்பெனியையே மூடிவிட்டார்கள். கூரையில் இருந்த படத்தைக் கையால் காட்டி, “அது மாதிரி என் தடமும் அங்க கெடக்கு. யாரும் போய்ப் பாக்கலைங்கிறதுக்காக அது இல்லாமப் போயிருமா?” என்றார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கேலி பண்ணின பையன் உட்பட எல்லாரும் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணியடித்து எல்லாரும் வெளியே வந்தார்கள். முருகேசண்ணன் பழையபடி ஃபேன் பக்கத்தில் போய், யாரையும் பார்க்காமல் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். பவித்ரா செருப்பை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள். கூடவந்த பிள்ளைகள் கூப்பிட்டும் போகவில்லை. பிறகு நேராக அவரிடம் போய், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

“எந்தக் காலுப்பா, வலதா இடதா?”

கொடி, நிலாவிலிருந்து கொண்டுவந்த கல், அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடி என்று நாலு வருசமாக ஆதாரம் அடுக்கியும் ஒரு மாமாவைக்கூட அசைக்க முடியாத நான், இப்போதெல்லாம் அந்தக் கால்தடம் வந்ததும் பேச்சை முருகேசண்ணனிடம் விட்டுவிட்டு, ஃபேன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.