அடியில் ஒட்டியிருந்த லேபிள்

எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய லேபிளை உரித்தால் மேல்தாள்தான் கையோடு வரும். அடித்தாளும் பிசினும் பாத்திரத்திலேயே நின்றுவிடும். வாங்கிய அன்றே உரித்தால் பெரிய பாடில்லை. வருஷக்கணக்கில் விட்டு உரித்தால், அதுவும் மும்பை ஈரக்காற்றில் கிடந்ததை உரித்தால், பிசின் பழுப்பேறியிருக்கும். விரலில் ஒட்டும், துணியில் ஒட்டும், தேய்க்கத் தேய்க்க நூல் நூலாகத் திரளும். போக மட்டும் போகாது. திலக் நகரில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் அந்த நிலைமையில்தான் இருந்தன.

அவை என் மகளுக்காக வாங்கியவை. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே வாங்கத் தொடங்கிவிட்டேன். மாட்டுங்காவுக்குப் பூவும் வாழையிலையும் வாங்கப் போனால் பாத்திரக் கடைக்குள்ளும் நுழைந்துவிடுவேன். ஒரு தடவை இட்லிக் கொப்பரை, ஒரு தடவை அடுக்குச் சட்டி, தீபாவளிக்கு முன்னால் ஒரு பால் பாத்திரம். கடைக்காரர் பேர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டே, "பேரு போட்டுரலாமா?" என்பார். வேண்டாம் என்பேன். கல்யாணம் நிச்சயமான பிறகு மாப்பிள்ளை பேரின் முதலெழுத்தையும் சேர்த்து வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணம். லேபிளையும் உரிப்பதில்லை. எங்கள் ஆட்களிடையே சீர் பாத்திரங்களை மண்டபத்தில் பரப்பி வைக்கும்போது லேபிள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால், வீட்டில் புழங்கியதைத் துலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் பேசாமல் இருக்காது. அதனால் பேரும் இல்லாமல், லேபிளோடு, பழைய புடவையில் சுற்றி அத்தனையும் பரணில் ஏறின.

கடைசியில் அவற்றை இறக்கியது கல்யாணத்துக்காக அல்ல.

போன மழைக்காலத்தில் என் மகள் ரயிலிலிருந்து விழுந்தாள். வடாலாவில் அவளுக்கு வேலை. திலக் நகரில் ஏறினால் நேராகப் போய் இறங்கிவிடலாம், நடுவில் மாற வேண்டியதில்லை. அன்றைக்கு வாசல் பக்கம் நின்றிருக்கிறாள். குர்லாவில் இறங்கிய கூட்டம் அவளையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே அவள் பிளாட்பாரத்தில் கிடந்தாள். யாரோ ஒரு பெண் என் மகளின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "ஆப் உஸ்கி மா ஹை?" என்று கேட்டாள். நீங்கள் அவளுடைய அம்மாவா என்று ஒருவர் கேட்கும்போது பதில் சொல்லப் பயப்பட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சயானில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, தலையில் தையல். பிழைத்துவிட்டாள். முடி வளர்ந்து தையலை மூடிவிட்டது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் லீவு போட்டு வந்தார், இருந்தார், திரும்பிப் போனார். எல்லோரும் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை. போன் அடித்தால் பேரைக்கூடப் பார்க்காமல் எடுப்பேன். அடிக்காவிட்டால் நானே அவளைக் கூப்பிடுவேன். அவள் வீட்டிலிருந்தே வேலை செய்த மாதங்களில்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பிறகு ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நான் சொன்னேன், "இனிமே நீ டிரெயின்ல ஏறப்பிடாது."

ஒரு வாரம் டாக்ஸியில் போய் வந்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, வடாலால ஒரு ரூம் பாத்திருக்கேன். ஆபீசுக்கு நடந்தே போயிரலாம்."

"ரூமா? யாரு கூட?"

"யாரு கூடயும் இல்ல. நான் மட்டும்."

"ஒத்தையிலயா? என்னட்டி பேசுத நீ?"

"டிரெயின் வேண்டாம்னு நீதானம்மா சொன்ன? அப்ப நான் எப்படிப் போக? பறந்தா?"

என் வாயால் சொன்ன சொல்லை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாள். சரி, போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது, புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அதை நான் போய்த்தான் காய்ச்ச வேண்டும் என்றேன். "அரே, ரூம்தாம்மா அது. பங்களா இல்ல" என்றாள். நான் நாற்காலி போட்டுப் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கினேன்.

லேபிள் எடுப்பது அன்றிலிருந்து என் வேலையாயிற்று. என் ஆபீசிலிருந்து வந்ததும் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவேன். பாத்திரத்துக்குள் வெந்நீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் லேபிள் இளகும். மூலையில் நகத்தைக் கொடுத்து மெதுவாக இழுத்தால் கிழியாமல் வரும், அவசரப்பட்டால் பாதியில் அறும். மிச்சப் பிசினில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட வேண்டும். அதன்மேல் சமையல் சோடாவைத் தூவிப் பஞ்சால் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். கம்பி நாரைத் தொடக் கூடாது. ஒரு கிண்ணத்தில் தெரியாமல் தொட்டுவிட்டேன், பளபளப்பு போய்ப் பூனை பிறாண்டியதுபோல் ஆகிவிட்டது.

மஸ்கட்டிலிருந்து அவர் போனில் யோசனை சொன்னார்.

"மண்ணெண்ணெய தொட்டுத் தேயி. ஓடிப் போயிரும்."

"மண்ணெண்ணெய்க்கு இப்ப எங்கன போக? கண்ணால கண்டு எம்புட்டு வருசமாச்சு."

"அப்ப பெட்ரோலு?"

"தேய்ச்சு முடிச்சுட்டு வீட்டோட சேத்துக் கொளுத்தவா?"

சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "அவ போகட்டும், விடு" என்றார். நான் பிசினைப் பற்றியே பேசினேன்.

அவள் கேட்டது ஒரு பால் பாத்திரம், ஒரு வாணலி, இரண்டு தட்டு. நான் அத்தனையையும் துடைத்துக்கொண்டிருந்தேன். எப்போது தயாராகும் என்று கேட்டாள். பிசின் போகவில்லை என்றேன். மறுபடியும் கேட்டாள். பால் பாத்திரத்துக்கு அடியில் உள்ளங்கை அளவு வட்ட லேபிள் இருக்கிறது, அது கெட்டியாக ஒட்டியிருக்கிறது, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன். அந்த லேபிளை நான் அதுவரை தொடவே இல்லை. அதைக் கடைசியாக வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் ஆபீசில் இருக்கும்போது சாவி கிடைத்துவிட்டது என்று போன் செய்தாள். துணிகளை வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது துடைத்த வரிசையில் வாணலியும் தட்டுகளும் இல்லை. துடைக்காத வரிசையில் பால் பாத்திரம் இல்லை. இருட்டும் நேரத்தில் செய்தி வந்தது: இன்றைக்கு இங்கேயே படுத்துக்கொள்கிறேன், டென்ஷன் ஆகாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போட்டோ அனுப்பினாள். கவிழ்த்து வைத்த பால் பாத்திரம். அடியில் கருகிப்போன வட்டம், ஓரத்தில் சுருண்ட தாள், அதைச் சுற்றி ஸ்டீல் நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறியிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "அம்மா, ரூமெல்லாம் ஒரே புகை நாத்தம். இது என்னது?"

பால் காய்ச்சிவிட்டாள். லேபிளோடு அடுப்பில் ஏற்றி, நான் இல்லாமல், அந்த வீட்டின் முதல் பாலைக் காய்ச்சிவிட்டாள். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தேங்காய் எண்ணெய் பாட்டில், சோடா, எலுமிச்சம்பழம், பஞ்சு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டாக்ஸி கிடைக்கவில்லை. நின்று பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அவள் விழுந்த பிறகு நானும் ரயில் ஏறியதில்லை. பெண்கள் பெட்டியில் கூட்டமில்லை. ஒருத்தி மடியில் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். குர்லா வந்தபோது நான் தலையைக் குனிந்து பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்த்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சமையலுக்கு ஒரு மேடை. கதவைத் திறந்தவள் என் பையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா, ஆபரேஷன் பண்ண வந்த மாதிரி வந்திருக்க?"

"ஏட்டி, நான் வந்து காச்சணும்னு சொன்னேன்லா? நான் இல்லாமப் பால் காச்சிட்டியே?"

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "காலைல காபி குடிக்கணும்ல? அதுக்குத்தான் காச்சுனேன்."

நான் பையிலிருந்ததை எடுத்து மேடைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் மாறியது.

"ஓ. அதுவா? சாரிம்மா. எனக்கு அது தோணவே இல்ல."

"பொங்குச்சா?"

"நல்லாப் பொங்குச்சு. அடுப்பு, மேடை, தரையெல்லாம் பாலு. பாதி ராத்திரி தூக்கமில்ல, நின்னுகிட்டே தூங்கிட்டேன்போல."

"பொங்குச்சுல்லா. அது போதும்."

"வேணும்னா நீ இன்னொரு தடவ காச்சேன்."

"ரெண்டாவது தடவ காச்சுனா அது காபிப் பாலுட்டி."

சிரித்துவிட்டோம். அவளிடம் ஒரு மின்சாரக் கெட்டில் இருந்தது. அதில் வெந்நீர் வைத்து, பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, சோடாவைப் போட்டுப் பாத்திரத்தின் அடிப்பக்கம் முங்கும்படி உட்கார வைத்தோம். கருகிய தாள் ஊறிச் சக்கை சக்கையாக வந்தது. அடியில் பிசின் தார்போல இறுகியிருந்தது. எண்ணெய் தடவினேன். எலுமிச்சம்பழ மூடியால் அவள் தேய்த்தாள். முறிந்த தோள் பக்கத்துக் கையை அவள் இன்னும் முழுதாக உயர்த்துவதில்லை என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவளே கேட்டாள்.

"நீ எதுல வந்த?"

"டிரெயின்ல."

தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். "நீயா?"

"டாக்ஸி கிடைக்கல."

மறுபடி தேய்க்கத் தொடங்கினாள், முன்பைவிட அழுத்தி.

மதியம் இருவரும் அந்த வாணலியில் உப்புமா கிளறிச் சாப்பிட்டோம். கறுப்பில் பாதிதான் போயிருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய்த் துடைத்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம், சோடு நா, விடும்மா. இது இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் காபிக்கு வேற பாத்திரம் இல்ல" என்றாள். எண்ணெயையும் சோடாவையும் மேடைமேல் வைத்துவிட்டு வெறும் பையோடு கிளம்பினேன்.

ஸ்டேஷன் வரை கூட வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், படிக்கட்டுக்கு முன்னாலிருந்த வடாபாவ் கடையோரம் நின்றுவிட்டாள்.

"நான் இதுக்கு மேல வரலம்மா."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்து, "பிளாட்பாரம் வரைக்கும் வாயேன்" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். உள்ளே வண்டி ஒன்று நுழையும் சத்தம் கேட்டது. அவள் கை கடையின் தகரத்தைப் பிடித்துக்கொண்டது. நான் வேண்டாம் என்று சொன்னதால்தான் அவள் ரயிலில் ஏறுவதில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறையில், இருவரும் அதே பயத்தைத் தனித்தனியாக வைத்திருந்திருக்கிறோம்.

அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றியது. எங்களுக்குத் தெருவில் அப்படிப் பழக்கமில்லை. "மிச்ச எலுமிச்சம்பழத்த வீணாக்காத" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

வண்டியில் உட்கார இடமில்லை. கிளம்பியதும் போன் அடித்தது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"வாசப்பக்கம் நிக்காத."

"உள்ளதான் நிக்கேன்."

"குர்லால கூட்டம் இறங்கும். கம்பியப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன்."

"ரெண்டு கையாலயும்?"

"ஒரு கையில போனுல்லா இருக்கு."

"அப்ப போன வையி" என்று அவளே துண்டித்துவிட்டாள்.

குர்லாவில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை குனியவில்லை. கூட்டம் என்னை இடித்துக்கொண்டு இறங்கியது. உள்ளங்கையில் மிச்சமிருந்த பிசின் கம்பியில் ஒட்டி ஒட்டி விட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். தரையில் செய்தித்தாளும் பாத்திரங்களும் நான் விட்டுப் போனபடியே கிடந்தன. அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இம்புட்டு நேரமா?"

"பால் வாங்க நின்னேன்."

"வழக்கமான பாக்கெட்டா?"

"இல்லட்டி. சின்னது."

சாப்பிட்டுப் படு என்றாள். சரி என்றேன்.