பெண் குழந்தை, பெயர் இல்லை

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'கண்ணின் நிறம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதுவரை நான் யாருடைய கண்ணின் நிறத்தையும் கவனித்ததில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் என் கணவரின் கண் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கறுப்பு என்று டைப் அடிக்கப் போனேன்.

"இருங்கக்கா, பாத்துட்டு அடிங்க" என்று விண்ணப்பம் கொண்டுவந்திருந்த பெண் வாசல் வெயிலில் போய் நின்றாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

"பிரவுன்" என்றேன்.

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்று சிரித்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்ததால் மனு எழுத வேண்டியவர்கள் எல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார்கள். அவளும் அப்படி வந்தவள்தான். அவளுடைய அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து, பிறகு சுரங்கத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்து, ஒருவழியாகப் பர்மனென்ட் ஆனவர். அவள் நிலவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, மேற்கு ஜெர்மனியில் மேலே படிக்க உதவித்தொகையோடு இடம் வாங்கியிருந்தாள். பழுப்பு நிலக்கரி பற்றிய படிப்பு.

கதவு நிலையோடு சாய்த்து நிறுத்தி உயரம் அளந்தேன். அடையாளத்துக்கு இடது கன்னத்து மச்சத்தைப் போட்டேன். அடுத்தது பிறந்த ஊர். அவள் சொன்ன பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. முத்தாண்டிக்குப்பம் தெரியும், குள்ளஞ்சாவடி தெரியும். இது எந்தப் பக்கம்?

"சுரங்கம் இருக்குதுல்லக்கா, அங்கதான். எனக்கு ரெண்டு வயசு இருக்கறப்ப ஊர எடுத்துட்டாங்க."

என் விரல் அப்படியே நின்றது. என் கணவர் தினமும் இறங்கி ஏறும் பள்ளம் அது. இல்லாத ஓர் ஊரைப் பாஸ்போர்ட்டில் போடலாமா? மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். ஒருவர், "நெய்வேலின்னு போடுங்க" என்றார். இன்னொருவர், "அந்தப் பொண்ணு பொறந்தப்ப இந்த டவுன்ஷிப்பே கிடையாதே" என்றார். போதாக்குறைக்கு, ஜெர்மனியிலிருந்து வந்த கடிதம் பிறப்புச் சான்றிதழும் கேட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். அவள், அவளுடைய அம்மா, நான் மூவரும் பஸ் பிடித்துத் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். ஊர் போனாலும் அதன் பதிவேடுகள் அங்கே இருந்தன. குமாஸ்தா சிவப்புத் துணியில் கட்டிய மூட்டையை அவிழ்த்து, தூசி தட்டி, விரலால் வரிவரியாகத் தேடினார்.

"பெண் குழந்தை. அப்பா பேரு சரியா இருக்கு. ஆனா உங்க பொண்ணுக்கு மூணு வயசு கூட வருதேம்மா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி தப்பென்றால் அத்தனை தாள்களும் தப்பாகிவிடும். அப்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். படிக்கத் தெரியாதவர், இருந்தாலும் அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"அது இவ இல்லீங்க. அது மூத்தது. ஒரு வருசங்கூட இருக்கல, காய்ச்சல்ல பூடுச்சு."

"எனக்கு அக்கா இருந்தாளா? ஏம்மா சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டீங்க?" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை.

குமாஸ்தா அடுத்த புத்தகத்தை எடுத்தார். மூன்று வருஷம் தள்ளி இன்னொரு பெண் குழந்தை, அதே அப்பா. தேதி பள்ளிச் சான்றிதழோடு அப்படியே ஒத்துப்போனது. ஊரை விட்டு வரும்போதே அப்பா பதிவேடு வைத்திருந்த மணியக்காரரிடம் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் இரண்டு பதிவிலும் குழந்தையின் பெயர் இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவது வழக்கமாம். சான்றிதழோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் சேர்த்தால் போதும் என்று குமாஸ்தா சொன்னார்.

"அக்கா பேரு என்னம்மா?" என்று அவள் கேட்டாள்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "உம் பேருதான். எனக்கு அந்தப் பேரு புடிச்சிருந்துச்சு. வேற வைக்க மனசு வரல."

அவள் முதல் பதிவை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். குமாஸ்தா பழைய புத்தகத்தை மறுபடி பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் வழியெல்லாம் கேள்விதான். அக்கா என்ன நிறம், நடக்க ஆரம்பித்தாளா, என்ன சொல்லிக் கூப்பிடுவாள். அம்மா ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்டேன்.

உறுதிமொழிப் பத்திரத்தை நான்தான் டைப் அடித்தேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் பதிவேட்டில் இருந்த பெயரையே போட்டோம். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்க, அவளுடைய அப்பா சுரங்கத்தின் பக்கம் கையை நீட்டினாராம். போலீஸ்காரர் எதையோ எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மட்டும் பிழை. திருத்தக் கொடுத்தால் நாளாகும் என்று அப்படியே விட்டுவிட்டோம்.

அவள் போய்ச் சில மாதங்கள் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் சுரங்கத்துக்காக ஊர்களை எடுக்கிறார்களாம். ஊரோடு கல்லறைகளையும் தோண்டி எடுத்துப் புது ஊருக்குக் கொண்டுபோகிறார்களாம். அவளுடைய அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"சின்னக் கொழந்திங்களயுமா எடுத்துக்கினு போறாங்க?" என்று கேட்டார்.

அவளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். எல்லோரையும்தான் என்று பதில் வந்தது. அதைச் சொன்னதும் அம்மா சுரங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அங்கே குளிர் எப்படி, மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டார்.

அவள் நாலு வருஷத்தில் பட்டத்தோடு திரும்பி வந்து, ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வருஷமே தன் மாணவர்களை ஒரு பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு சுரங்கம் பார்க்க வந்தாள். அன்றைக்கு என் கணவருக்குப் பகல் ஷிப்ட். அவர்களை அவள் ஊர் இருந்த பள்ளத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டியவர் அவர்தான்.