குடுமி முடிச்சு நிற்கும்வரை

உருளியில் கிடந்தது

சர்க்கரைப் பொங்கலின் மேல் ஒரு முடி கிடந்தது. நெய்யில் நனைந்து பளபளவென்று, நல்ல நீளமான முடி. அந்த நேரத்தில் மடப்பள்ளியில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. அதனால் அது யாருடையது என்று துப்புத் துலக்கும் வேலை மிச்சம்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில் அது. பெயர் வேண்டாம். இன்னும் என் சொந்தக்காரர்கள்தான் அங்கே சமைக்கிறார்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். நான்கு தலைமுறையாக அந்த அடுப்பு எங்கள் வீட்டுப் பொறுப்பு. எங்கள் நைனாவுக்குப் பிறகு என் அக்கா வீட்டுக்காரர் பெரிய சமையலாக இருந்தார். தமிழும் தெலுங்கும் கலந்த வீடு எங்களுடையது, அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். நான் அவருக்கு அடுத்த கை. பொங்கலில் முடி கிடந்த அன்று எனக்கு வயது நாற்பத்திரண்டு. சென்னையில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டு மூன்றரை மாதம் ஆகியிருந்தது. அடுப்புக்குத் திரும்பிப் பத்தே நாள்.

இந்தத் தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். முடி விழுந்தால் மொத்த உருளியும் போச்சு, அதுதான் சட்டம். ஒரு ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் படைக்கிற கதையே கிடையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எடுத்து அடுப்பில் போட்டேன். பொசுங்கிய நாற்றம் போகிற வரைக்கும் விசிறினேன். தட்டு போட்டு மூடி, துணி சுற்றி, உருளியைச் சன்னதி வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

திரை போட்டிருந்தது. வெளியே சனங்கள் காத்திருந்தார்கள். குருக்கள் கையை நீட்டினார். என்னால் கொடுக்க முடியவில்லை.

"வேணாங்க சாமி. இதுல முடி விழுந்துச்சு."

பின்னாலேயே வந்த பாவாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "எவன் முடிடா?"

"என்துதான் பாவா."

அன்றைக்கு வாழைப்பழமும் வெல்லமும்தான் நைவேத்தியம். பொங்கல் முழுவதையும் பின்பக்கம் மாட்டுத் தொட்டியில் கொட்டினோம். பாவா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், நான் தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை உருவினார். துண்டோடு ஒரு கொத்து முடியும் வந்தது.

"சளி புடிச்சிக்கிச்சு, அதான் துண்டு கட்டிக்கினு இருக்கேன்னு சொன்னியேடா பாவி! இத்தனை நாளா என்னை ஏமாத்திக்கினு இருந்தியா?"



"உதிர்றது நிக்கணும். குடுமி முடிச்சும் நிக்கணும். அது வரைக்கும் இந்தப் படி ஏறாதே."

என் கூடப் பிறந்த அக்காவின் புருஷன் இதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர் சொன்னது நியாயம் என்பதால் ஆத்திரம் இன்னும் கூடியது.

தலையைத் தொடாதே

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு ஆள் ரேசரும் கிண்ணமுமாக வார்டுக்கு வந்தார். நெஞ்சு, வயிறு, இரண்டு கால், எல்லாவற்றையும் வழித்தார். நான் இரண்டு கையாலும் குடுமியைப் பிடித்துக்கொண்டேன்.

"தலையத் தொடாதப்பா. இது போச்சுன்னா என் வேலையே போயிடும்."

"ஐயரே, உனுக்கு ஆபரேஷன் மாருலதானே? தலைய எவன் கேட்டான்?" என்று சிரித்தார். எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? சிகை இல்லாதவன் எங்கள் அடுப்பைத் தொடக் கூடாது. ஊர் ஊராக ஜனங்கள் மொட்டை போட்டுக்கொள்ள வருகிற இந்த ஊரில், முடியை வைத்துக் காப்பாற்றுவதே பிழைப்பாக இருந்த சில வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

கத்தியிலிருந்து தலை தப்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாம் சொன்னார்கள். கனம் தூக்காதே, காலைத் தொங்கப் போடாதே, தினமும் இருமிச் சளியை வெளியே எடு. பிளந்து கட்டிய நெஞ்செலும்பு, இருமினால் உயிர் போகும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னாள் ஒரு நர்ஸம்மா. அப்படி இருமி இருமியே பழகிப்போயிற்று. ஆனால் மூன்றாம் மாதம் முடி கொட்டும் என்று ஒரு ஆத்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தால்தானே!

தோல்தான் முதலில் மாறியது. உள்ளங்கை பொடுகு பொடுகாய் உரிந்தது. பைபாஸுக்காக நரம்பு எடுத்த கால் கறுத்து, வறண்டு, நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாகத் தெரிந்தது. நெஞ்சுத் தழும்பு தடித்து எழும்பிக்கொண்டது. மடப்பள்ளியில் சட்டை கிடையாது. விறகடுப்பின் முன் வெறும் மார்போடு நிற்கவேண்டும், வேர்வை தழும்பில் இறங்கும், அரிக்கும். சாதாரண அரிப்பில்லை, பிராணன் போகிற அரிப்பு. சொறிந்தால் அந்தக் கையோடு பாத்திரத்தைத் தொடக் கூடாது, வெளியே போய்க் கை கால் கழுவிவிட்டு வரவேண்டும். அதற்குள் பாகு முறிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிளறினேன். அந்தச் சூடு முகத்தில் அடிக்கும்போதுதான், அப்பாடா, பிழைத்து வந்துவிட்டோம் என்று தோன்றும்.

அந்த நேரம் பார்த்துத் தலையணையில் முடி. என் வீட்டுக்காரி சரோஜாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கையோட வருது! பாவா கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா உள்ள விடமாட்டாருடி."

"விடாட்டி போவட்டும். உயிரோட வந்துட்டீங்க இல்ல, எனுக்கு அது போதும்."

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. நான் உயிரோடு வந்ததே அந்த அடுப்புக்குத்தான் என்று அப்போது நினைத்தேன். பாவம் அவள், அதை அவளிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

செக்கப்பில் டாக்டர் என் தலையைப் பார்த்துவிட்டு அலட்டிக்கொள்ளவே இல்லை. "பெரிய ஆபரேஷன் இல்லையா, உடம்பு அதிர்ச்சி அடைஞ்சிருக்கு. மூணு நாலு மாசம் கழிச்சுக் கொட்டும். தானா வளரும். பயப்படாதீங்க."

"அது வரைக்கும் நான் இன்னா சார் பண்றது?"

"சும்மா இருங்க."

சும்மா இருப்பதாம்! அது முடியாமல்தான் துண்டு கட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

மடப்பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். ஊரில் எத்தனையோ தெரு இருக்க, என் கால் அந்தச் சந்துக்குத்தான் போகும். சுவரில் உயரத்தில் ஒரு புகைச் சன்னல். காலை ஏழு மணிக்கு அரிசியும் பருப்பும் வேகிற வாசம், அதற்கப்புறம் வெல்லம், அதற்கப்புறம் நெய். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் உருளி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். பொங்கல் அடிபிடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு வாசம் வரும். அது வந்துவிட்டால் உடனே இறக்கவேண்டும். அந்த வாசம் வரும்போது என் கை தானாக எழும்பும், பிடிக்கத்தான் ஒன்றும் இருக்காது. வாசத்தை ஆழமாக இழுத்தால் இருமல் வந்துவிடும். நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு இருமிவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஒரு நாள் தப்பாமல் இது நடந்தது. சரோஜாவுக்குத் தெரியும். "சுவத்துக்குப் பூசை பண்ணிட்டு வந்துட்டீங்களா?" என்பாள்.

கவரில் கொண்டுவந்த வேண்டுதல்

வீட்டில் உட்கார முடியாமல் குளக்கரைக்குப் போனேன். மொட்டை போடும் கொட்டகைக்கு வெளியே எனக்குத் தெரிந்த ஒருவர் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். மொட்டைத் தலைக்குச் சந்தனம் கரைத்துப் பூசுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்ன கொடுமை பாருங்கள். ஒரு முடி விழக் கூடாதே என்று தவிக்கிறவன் முன்னால், காலை முதல் மாலை வரை ஜனங்கள் கூடை கூடையாகக் கொட்டிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். முதல் வாரம் எனக்கு அவர்கள் எல்லார் மேலும் எரிச்சல்.

ஒரு நாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு அம்மா தனியாக வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பவர்லூம் வேலை. கொட்டகைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் கறுப்பாக ஏதோ சுருட்டி வைத்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? உதிர்ந்த முடி வேண்டுதல்ல சேருமா?"

கர்ப்பப்பையை எடுக்கிற பெரிய ஆபரேஷனாம். பிழைத்தால் தலைமுடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். காயம் ஆறட்டும் என்று நாள் தள்ளிப் போட்டிருக்கிறாள். மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாகப் போக ஆரம்பித்துவிட்டது.

"சாமிக்கு ஒத்துக்கினத்த நீ குடுக்கல, அவரே புடுங்கிக்கினாருன்றாங்க மாமியா. கீழ விழுந்தது எல்லாத்தையும் சேத்து வச்சிக்கினு வந்திருக்கேன். கோவம் தீருமாண்ணே?"

 டாக்டர் சொன்னபோது காதில் ஏறாத வார்த்தை அப்போது என் வாயிலிருந்து வந்தது. "கோவமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பெரிய ஆபரேஷன் ஆனா உடம்பு அதிர்ந்து போவும். மூணு நாலு மாசம் கழிச்சுக் கொட்டும். தானா வளரும். இங்க பாரு." சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினேன். துண்டை எடுத்துத் தலையையும் காட்டினேன். வெளியாள் ஒருத்தருக்கு அதை நான் காட்டியது அதுதான் முதல் தடவை.

அவள் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தாள்.

"அண்ணே, உனுக்கு முளைச்சுக்கினு இருக்குது. நெத்தியாண்ட, காதாண்ட, பூனைமுடி மாதிரி. கண்ணாடி பாக்கறதில்லையா நீ?"

உண்மைதான், நான் கண்ணாடி பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கொட்டகைக்காரர் கவரையும் வாங்கிக்கொண்டு, தலையில் இருந்ததையும் எடுத்தார். அவள் தலைக்கு நான்தான் சந்தனம் பூசினேன். "குளுகுளுன்னு இருக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் எவர் மேலும் எனக்கு எரிச்சல் வரவில்லை. அன்று கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிக் கண்ணாடியை எடுத்தேன். பைபாஸ் ஆன ஆள் ஓடக் கூடாது, சரோஜா திட்டினாள்.

முடிச்சு

பாதி வெள்ளையாக, ஒரு மாதிரி சுருளாக வளர்ந்தது. முதல் தடவை முடிச்சுப் போட்டபோது வீட்டு வாசல் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிட்டது. அடுத்த மாதம் கோயில் வாசல்வரை நின்றது. மொத்தம் எட்டு மாதம். பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு கட்டிக்கொண்டு, ஈர வேட்டியோடு மடப்பள்ளிப் படிக்குக் கீழே நின்றேன். பாவா இறங்கி வந்தார். குடுமியைப் பிடித்து இழுத்தார், நன்றாகவே இழுத்தார். அவர் விரலை விரித்துப் பார்த்தபோது அதில் ஒரு முடிகூட இல்லை.

"வா" என்றார். கிளறுகிற துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நெய் விட்டேன். அந்த வாசம் வந்தது, இறக்கப் போனேன்.

"இருமுடா" என்றார் பாவா.

"இன்னா பாவா?"

"இந்த எட்டு மாசமா நான் எங்கடா வாசம் பாத்தேன்? சுவத்துக்கு அந்தாண்ட நீ இருமுவ, நான் இறக்குவேன். ஒரு நாளு கூட அடிபுடிக்கல."

அடுப்புப் புகை என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தோம்.

பிள்ளைகளே, பெரிய ஆபரேஷன் ஆனால் முடி கொட்டும், தோல் உரியும், திரும்பியும் வரும். அதை டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். பெரிய சமையலிடம் முதல் நாளே சொல்லுங்கள், உருளி காட்டிக்கொடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

பாவா இப்போது இல்லை. அக்கா மகன்தான் பெரிய சமையல். எனக்கு வயதாகிவிட்டது, படி ஏற முடியாது. காலையில் அந்தச் சந்து வழியாகத்தான் நடக்கப் போகிறேன். வாசம் வந்ததும் சுவரோரம் நின்று இருமுகிறேன். உள்ளே உருளி இறங்குகிற சத்தம் கேட்கும். கேட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பேன்.